பெயரும் முகவரியும்: யாரிடம் கேட்பது?

சேத்தூரில் ஒருவர் வீட்டைப் பெயர் சொல்லித் தேடுவோர், தெருவும் கதவு எண்ணும் அறிந்த ஒருவரிடம் கேட்டாக வேண்டும். அவர் வழி சொல்வார். யார் வீட்டுக்குச் செல்கிறோம் என்பதையும் அறிந்துகொள்வார். இணையத்திலும் இதுவே நிலை. நாம் தட்டச்சிடுவது பெயர். கணினி நாடுவதோ எண் முகவரி. பெயருக்குரிய எண்ணைத் தருவது டி.என்.எஸ். என்னும் அமைப்பாகும். 1983ஆம் ஆண்டில் பால் மோக்கபெட்ரிஸ் இதனை வடிவமைத்தார். அதற்கு முன்னர்ப் பெயர்கள் அனைத்தும் ஒரே பட்டியலில் காக்கப்பட்டன. இன்று ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ எனத் தமிழெழுத்தில் முடியும் முகவரிகளுக்கும் இவ்வமைப்பே விடை தருகிறது.

நமக்காக விடை தேடித் தரும் சேவையகங்கள் மூவகைப்படும்.

முதலாவது, இணைப்பு வழங்கும் நிறுவனத்தினுடையது. நாம் எதனையும் மாற்றாவிடின் பெரும்பாலும் இதுவே அமையும். அருகில் இருப்பதால் விடை விரைந்து வரும். ஆயின் அது பழுதுற்றால், இணைப்பு இருந்தும் தளங்கள் திறவா. தளங்களைத் தடுக்கும் ஆணைகளும் பல நேரங்களில் இங்கேயே நிறைவேற்றப்படுகின்றன.

இரண்டாவது, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க பொதுச் சேவையகம். கூகுள் 2009இல் தொடங்கிய 8.8.8.8, குவாட்9 நிறுவனம் 2017இல் தொடங்கிய 9.9.9.9, கிளவுட்ஃபிளேர் 2018இல் தொடங்கிய 1.1.1.1 ஆகியன இவ்வகையின. குவாட்9, தீங்கானவை என அறியப்பட்ட தளங்களுக்கு விடை மறுத்துக் காக்கிறது. 2014 மார்ச்சில் துருக்கியில் டுவிட்டர் தடுக்கப்பட்டபோது மக்கள் 8.8.8.8 என்னும் எண்ணைச் சுவர்களில் எழுதி வைத்தனர். சின்னாட்களில் அவ்வழியும் அடைபட்டது.

மூன்றாவது, கல்லூரியோ அலுவலகமோ தானே நிறுவும் உள்ளூர்ச் சேவையகம். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் கணினிக் கூடத்தில் ஐம்பது மாணவர் ஒரே தளத்தை நாடினால், முதல்வருக்குப் பெற்ற விடையைச் சிறிது நேரம் நினைவில் வைத்து ஏனையோர்க்கு உடனே வழங்கும். வளாகத்திற்குள் மட்டும் வழங்கும் பெயர்களையும் அறிந்திருக்கும். ஆனால் அதனைப் பேணுவதற்குப் பயிற்சி உடையவர் வேண்டும்.

எதனைத் தேர்ந்தாலும் ஒன்றை மறத்தல் கூடாது. நோய் பற்றியோ வழக்குப் பற்றியோ ஒருவர் நாடும் தளத்தின் பெயரே அவர் கவலையைக் காட்டிவிடும். சேவையக எண்ணை மாற்றுவதால் மட்டும் மறைவு கிட்டாது. வழக்கமான வினாக்கள் திறந்த அஞ்சலட்டை போலவே செல்கின்றன. மறையாக்க வசதியையும் இயக்கினால் இடையில் இருப்போர் அவற்றைப் படிக்க இயலாது. எனினும் விடை தருபவர் அறிவார். நம்பிக்கை இடம் மாறுகிறதேயன்றி, அதன் தேவை மறைவதில்லை.

எனவே, வீட்டில் நிறுவனச் சேவையகம் குறைவின்றி இயங்கினால் அதுவே போதும். அடிக்கடி பழுதுற்றால், மறையாக்கத்துடன் பொதுச் சேவையகத்தை நாடலாம். பலர் கூடிப் பயிலும் கல்லூரிக்கு உள்ளூர்ச் சேவையகம் ஏற்றது. விரைவை மட்டும் நோக்காது, நம் வினாக்களைக் காப்பவர் யாரென அறிந்து தேர்தலே அறிவுடைமை.