ஒரே கோட்டில் பெங்களூர்

ராயக்கோட்டைக்காரர்களுக்குப் பெங்களூர் அந்நிய ஊர் அல்ல. மண்டியில் ஏற்றும் தக்காளிக்கும் விடியுமுன் பறிக்கும் பூவுக்கும் அங்கே சந்தை இருக்கிறது. இருதயத்துக்கு ஜெயதேவா, புற்றுநோய்க்குக் கித்வாய், நரம்புக்கும் மனநலத்துக்கும் நிம்ஹான்ஸ் என்று பெரிய வைத்தியத்துக்கும் அந்தப் பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது. இப்படி வேலைக்கும் வைத்தியத்துக்கும் போய் வருகிறவர்களில் பலர் அந்த நகரத்தைச் சுற்றிப் பார்த்ததே இல்லை. காரணம் கேட்டால் செலவு என்பார்கள். கார் பேச வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டோவுக்கே பணம் போய்விடும் என்ற எண்ணம் ஊன்றிப்போயிருக்கிறது. அந்த எண்ணம் இன்றைக்குப் பொருந்தாது என்பதே என் வாதம். வெளியூர்க்காரரின் பணம் பெங்களூரில் கரைவது டிக்கெட் விலையால் அல்ல, குறுக்கும் நெடுக்கும் அலைவதால். காலையில் பன்னேர்கட்டா, மதியம் லால்பாக், மாலையில் வடக்கே ஒரு மால் என்று திட்டம் போட்டால் எந்த வண்டியில் போனாலும் கட்டுப்படியாகாது. ஊருக்குள் எந்த வழியாக நுழைகிறோமோ அந்த வழியை ஒட்டி இருப்பதை மட்டும் அன்றைக்குப் பார்ப்பது என்று முடிவெடுத்தால், பாதிச் செலவு அங்கேயே குறைந்துவிடும்.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு அப்படியொரு வழி இப்போது தானாகவே அமைந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோவின் மஞ்சள் பாதை, ஓசூர் சாலையில் இருக்கும் பொம்மசந்திராவில் தொடங்கி எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஜெயதேவா வழியாக ஆர்.வி. ரோடு வரை சுமார் 19 கிலோமீட்டர் ஓடுகிறது. ராயக்கோட்டையிலிருந்து ஓசூர், ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டிப் பொம்மசந்திரா. அதுவரை பஸ், அதற்கு மேல் மெட்ரோ. ஆர்.வி. ரோட்டில் பச்சைப் பாதைக்கு மாறினால் லால்பாக், நேஷனல் காலேஜ், கே.ஆர். மார்க்கெட், மெஜஸ்டிக் என்று நிலையங்கள் வரிசையாக வருகின்றன. மெஜஸ்டிக்கில் ஊதாப் பாதைக்கு மாறிக் கிழக்கே போனால் விதான சௌதா, கப்பன் பூங்கா, எம்.ஜி. ரோடு, அல்சூர். வெளியூர்க்காரர் பெங்களூரில் பார்க்க விரும்பும் பழைய இடங்களில் பெரும்பகுதி இந்த ஒரே கோட்டில் அடங்கிவிடுகிறது. ராயக்கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறி கே.எஸ்.ஆர். பெங்களூரில் இறங்குகிறவர்கள் மெஜஸ்டிக்கிலிருந்து இதே கோட்டைத் தலைகீழாகப் பிடிக்கலாம். பாசஞ்சர் வண்டியின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய்தான் என்பதால் செலவில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் எண்ணிக்கையில் குறைந்த வண்டிகள் அவை. நேரம் பொருந்துகிறவர்களுக்கு மட்டுமே அந்த வழி.

அந்தக் கோட்டில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், மலிவு என்பதற்காக மட்டும் ஒரு வழியைப் பரிந்துரைப்பது நியாயமாகாது. ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய லால்பாக் 240 ஏக்கர் பரப்பு. அதன் நடுவே கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறை ஏறக்குறைய 300 கோடி ஆண்டு வயதுடையது. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி அங்கே மலர்க் கண்காட்சி நடக்கும். கே.ஆர். மார்க்கெட் 1928-ல் கட்டியது. நம் பக்கத்துச் சாமந்தியும் ரோஜாவும் குவிந்து கிடக்கும் அந்தப் பூச்சந்தையை விடியற்காலையில் பார்க்க யாரும் கட்டணம் கேட்பதில்லை. சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் பழைய கோட்டை வாசலும், 1791-ல் கட்டி முடிந்த திப்புவின் கோடைக்கால அரண்மனையும் இருக்கின்றன. அதே 1791-ல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயப் படை மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தது, பின்னர் ராயக்கோட்டை மலைக்கோட்டையையும் பிடித்தது. நம் ஊர் மலையில் ஏறிப் பார்த்த பிள்ளைகளுக்கு அந்த வாசலைக் காட்டினால் இரண்டும் ஒரே போரின் பக்கங்கள் என்று புரியும். எந்தக் கேளிக்கைப் பூங்காவும் இதைத் தராது.

கோட்டின் கிழக்கு முனையான அல்சூர் தமிழர்களுக்குத் தனியாகவே ஒரு நாள் பெறும். சோமேசுவரர் கோயில், ஏரி, ஏரிக்கரையை அடுத்து திருவள்ளுவர் சிலை. 1991-லேயே தயாராகிவிட்ட அந்தச் சிலை மொழிப் பிணக்கால் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில் அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதி அங்கே போய்த் திறந்துவைத்தார். சில நாளில் அன்றைய கர்நாடக முதல்வர் எடியூரப்பா சென்னைக்கு வந்து கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையைத் திறந்தார். எல்லையோரத்தில் வாழ்கிற நம்மவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் அது. பக்கத்திலிருக்கும் தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகளே இருக்கின்றன.

இனி கணக்கு. பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை மெட்ரோ கட்டணம் 60 ரூபாய். 2025 பிப்ரவரியில் கட்டணத்தை உயர்த்தியதை எதிர்த்துப் பெங்களூரே கொதித்தது, அது நியாயமான கோபம்தான். ஆனாலும் மற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்ட் முதல் ஆட்டோவுக்கு முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18. அதே தூரத்துக்கு மீட்டர்படியே ஓட்டினாலும் 340 ரூபாய் தாண்டும். சட்டப்படி மூன்று பேர்தான் ஏறலாம், நான்கு பேர் குடும்பத்துக்கு இரண்டு ஆட்டோ. மெட்ரோவில் நால்வருக்கும் 240. ஆனால் கணக்கு எப்போதும் மெட்ரோ பக்கமே சாயாது. 2 கிலோமீட்டருக்கு மெட்ரோவில் ஆளுக்கு 10 என்றால் மூவருக்கு 30. ஆட்டோவும் 36 தான், அதுவும் வாசலிலேயே இறக்கிவிடும். எனவே நெடுந்தூரத்துக்கு மெட்ரோ, கடைசிக் குறுந்தூரத்துக்கு மூன்று பேராக இருந்தால் ஆட்டோ. முழங்கால் வலியோடு வரும் பாட்டியை ‘மலிவு’ என்ற பெயரில் நடக்கவைக்கத் தேவையில்லை. தொம்மலூர்க் கோயில் இப்படி ஆட்டோவில் போய் வர ஏற்ற தூரம்தான்.

பாஸ் வாங்கினால் லாபம் என்பது பாதி உண்மை. பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகமான பி.எம்.டி.சி.யின் சாதாரண பஸ்ஸுக்கு ஒரு நாள் பாஸ் 2025 ஜனவரி உயர்வுக்குப் பின் 80 ரூபாய். நாள் முழுக்க ஏறி இறங்கி மார்க்கெட், சிவாஜிநகர், பசவனகுடி என்று சுற்றுகிறவருக்கு அது நல்ல பேரம். காலையில் போய் ஒரே தோட்டத்தில் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்புகிறவருக்கு அது வீண். மெட்ரோ அட்டைக்கு 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. அது வாரா வாரம் போகிறவருக்குத்தான் பயன். ஆண்டுக்கு ஒரு முறை போகிறவருக்கு அந்தந்தப் பயணத்துக்கு டிக்கெட் எடுப்பதே சரி.

பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கர்நாடகத்திலும் 2023 ஜூன் முதல் சக்தித் திட்டம் இருக்கிறது, ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். ஓசூர் வரை கட்டணம் இல்லாமல் வந்த பெண், அத்திப்பள்ளியில் பி.எம்.டி.சி. பஸ் ஏறியதும் முழுக் கட்டணம் கொடுத்தாக வேண்டும். கையில் சில்லறையோடு போவது நல்லது.

மலிவாகப் போனால் நேரம் வீணாகும் என்பது வலுவான ஆட்சேபம். பஸ் மாறி, மெட்ரோ மாறிப் போவதைவிட வாடகைக் கார் வசதி என்பது மறுக்க முடியாதது. ஆனால் ஓசூர் சாலையில் சில்க் போர்டு சந்திப்பைத் தெரிந்தவர்கள் கார் வேகமானது என்று சொல்லமாட்டார்கள். மஞ்சள் பாதை முழுவதையும் ரயில் முக்கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது, நெரிசல் அதைத் தொடுவதில்லை. தொடக்கத்தில் மூன்றே ரயில்களோடு 25 நிமிடத்துக்கு ஒன்று என்று ஓட்டினார்கள், பிறகு ரயில்கள் சேர்ந்து இடைவெளி குறைந்தது. காருக்கோ வாடகை மட்டும் செலவல்ல. மாநில எல்லை பர்மிட், சுங்கம், நிறுத்துமிடம், டிரைவர் பேட்டா எல்லாம் சேரும். மொழி தெரியாதே என்பது இன்னொரு தயக்கம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் சந்தையிலேயே கலந்து பேசுகிற வட்டாரத்திலிருந்து போகிறவர்கள் அதற்குத் தயங்க வேண்டியதில்லை. கன்னடத்தில் இரண்டு வார்த்தை மரியாதையாகக் கேட்டால் கண்டக்டரும் கடைக்காரரும் முகம் மலர்ந்து வழி சொல்வார்கள்.

பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவைப் பிள்ளைகள் கேட்பார்கள். அது இந்தக் கோட்டில் இல்லை. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும், நுழைவுக் கட்டணமும் சபாரிக் கட்டணமும் பயணச் செலவை மிஞ்சும். அன்றைக்கு வேறு எதையும் சேர்க்கக் கூடாது. சாப்பாட்டுக்கு நின்றுகொண்டே சாப்பிடும் தர்ஷினி ஹோட்டல்கள் தெருவுக்குத் தெரு உண்டு. நம் அம்மா உணவகத்தைப் பார்த்து 2017-ல் தொடங்கிய இந்திரா கேன்டீனில் காலைச் சிற்றுண்டி 5 ரூபாய், மதியச் சாப்பாடு 10 ரூபாய் என்று வைத்தார்கள். வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தச் செலவும் இல்லை.

இந்த ஏற்பாட்டில் பலவீனமான கண்ணி ஓசூருக்கும் பொம்மசந்திராவுக்கும் நடுவே உள்ள சில கிலோமீட்டர்தான். மெட்ரோவை ஓசூர் வரை நீட்டும் பேச்சு ஆண்டுக்கணக்காக நடக்கிறது, நடக்கட்டும். அதுவரை காத்திருக்காமல், ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து பொம்மசந்திரா மெட்ரோ வாசலுக்குச் சாதாரணக் கட்டணத்தில் அடிக்கடி பஸ் விட இரண்டு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் முன்வர வேண்டும். தொழிலாளிக்கும் நோயாளிக்கும் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கும் ஒருசேர உதவும் வேலை அது. போகிறவர்கள் தங்கள் பங்குக்கு, மாலையில் ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் விசாரித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி அன்றைய திட்டத்தைப் போட வேண்டும். அந்த பஸ்ஸைத் தவறவிட்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் இரவு ஆட்டோவுக்கே போய்விடும்.