மேடையில்லா நாடகம்

மாணவர்களே! பள்ளி ஆண்டு விழாவில் நடைபெறும் நாடகங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒருவர் அரசராக வருவார். ஒருவர் அமைச்சராக வருவார். இருவர் வாயிற்காவலராக நிற்பர். எஞ்சிய சிறுவர்கள் மரங்கள். பச்சைத் தாளில் வெட்டிய கிளைகளைக் கையில் ஏந்தி, மேடையின் பின்புறத்தில் அசையாது நிற்பதே அவர்கள் பணி.

நாக்பூரில் மூன்றாம் வகுப்புப் படித்தபோது நானும் அவ்வாறு மரமாக நின்றவன். அது ஒரு தமிழ் நாடகம். வீட்டில் பெற்றோர் பேசிய தமிழ் எனக்கு நன்றாகப் புரியும். ஆனால் 'வாழைப்பழம்' என்று திருத்தமாகச் சொல்ல வராது. சொன்னால் பிறர் சிரிப்பர் என்னும் அச்சத்தால் ஒத்திகையில் வாய் திறவாதிருந்தேன். பேசாத பிள்ளைக்கு ஏற்ற வேடம் மரமே என்று முடிவாயிற்று. நாடகம் நன்றாகவே நடந்தது, கைதட்டலும் கிடைத்தது. இன்று எனக்கு நினைவிலிருப்பது கைவலி மட்டுமே.

மேடையும் பார்வையாளரும் இல்லாத நாடகமும் ஒன்று உண்டு. அதில் முன்வரிசை, பின்வரிசை என்னும் வேறுபாடு இல்லை. எழுதி மனப்பாடம் செய்த உரையாடலும் இல்லை. பிள்ளைகள் ஒன்றாகக் கூடி, ஒருவர் வழிநடத்த, கதையையும் ஒலியையும் தாமே உண்டாக்குகின்றனர். இத்தகைய கூட்டத்தைப் பயிலரங்கு என்பர். நாடகப் பட்டறை என்று கூறுவாரும் உளர். பட்டறை என்னும் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். கொல்லன் பட்டறை இரும்பைக் காய்ச்சி அடிக்கும் இடம். செய்து முடித்த அரிவாளைப் பரப்பி வைக்கும் கடையன்று. ஆண்டு விழா கடை போன்றது. அதுவும் வேண்டியதே. ஆயினும் பட்டறையே இல்லாமல் கடை மட்டும் நடத்த இயலாது.

இவ்வெண்ணம் நம் நாட்டிற்குப் புதிதன்று. இரவீந்திரநாத் தாகூர் 1901ஆம் ஆண்டில் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியபோது, பாட்டையும் நடிப்பையும் அன்றாடக் கல்வியின் பகுதியாகவே கொண்டார். பருவங்களைக் கொண்டாட அவர் எழுதிய நாடகங்களில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து நடித்தனர். தாகூரும் வேடம் ஏற்றதுண்டு. புது தில்லியில் 1959இல் நிறுவப்பெற்ற தேசிய நாடகப் பள்ளி, சிறுவர்களுடன் பணியாற்றுவதற்கென்றே 1989இல் ஒரு தனிக் குழுவைத் தொடங்கியது. 'சம்ஸ்கார் ரங் டோலி' என்பது அதன் பெயர். கோடை விடுமுறையில் அக்குழு சிறுவர்களுக்குப் பயிலரங்குகள் நடத்துகிறது. அதே நாடகப் பள்ளியில் பயின்ற பேராசிரியர் சே. இராமானுஜம், காந்திகிராமத்தில் ஆசிரியராக இருந்து, தமிழில் நவீன நாடகத்திற்கும் சிறுவர் நாடகத்திற்கும் பாடுபட்டவர்.

பயிலரங்கை நடத்தப் பெரிய கலைஞராக இருத்தல் வேண்டும் என்பதில்லை. எட்டாம் வகுப்பில் பயிலும் நீங்கள், உங்கள் பள்ளியின் மூன்றாம் வகுப்புச் சிறுவர்களுக்கு ஆசிரியர் ஒருவர் உடனிருக்க ஒரு பாடவேளை நடத்தலாம். தேவையான பொருள்கள் சிலவே. மேசைகளைச் சுவரோரம் தள்ளிய ஓர் அறை, தரையில் விரிக்க ஜமக்காளம், ஒரு சிறு ஜால்ரா. ஜால்ரா ஒலித்தால் எல்லாரும் அப்படியே சிலையாக நிற்றல் வேண்டும் என்பதை முதலிலேயே விளையாட்டாகப் பழக்கிவிட வேண்டும். இதனை மறந்தால் ஐந்து நிமிடங்களில் வகுப்பறை சந்தையாகிவிடும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம், "இன்று சற்று ஓசை கேட்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நன்று.

பிள்ளைகளை வட்டமாக நிற்கச் செய்யுங்கள். வட்டத்தில் எவருக்கும் முதுகு தெரியாது. ஒளிந்துகொள்ள மூலையும் கிடையாது. இனி மழை பெய்யச் செய்யலாம். நீங்கள் வட்டத்தின் நடுவே நின்று, உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்க்கத் தொடங்குங்கள். ஒருவரை நோக்கித் திரும்பினால் அவரும் தேய்க்க வேண்டும். மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், அறை முழுதும் காற்று வீசும் ஒலி எழும். இரண்டாம் சுற்றில் இரு விரல்களால் உள்ளங்கையில் தட்டுங்கள். உங்கள் பார்வை தம் பக்கம் வரும்வரை பிள்ளைகள் பழைய ஒலியையே தொடர்வர். ஆகவே வட்டத்தின் ஒரு பாதியில் தூறல், மறு பாதியில் காற்று என இரண்டும் கலக்கும். உண்மை மழையும் ஒரே நொடியில் எங்கும் பெய்வதில்லையன்றோ? மூன்றாம் சுற்றில் தொடைகளைத் தட்டினால் பெருமழை. நான்காம் சுற்றில் கால்களைத் தரையில் உதைத்தால் இடி. பின்னர் அதே வரிசையில் இறங்கி வாருங்கள். இறுதியில் கைகளைத் தேய்க்கும் ஒலியும் ஒவ்வொருவராக அடங்கும்.

அப்போது அறையில் ஓர் அமைதி உண்டாகும். அவ்வமைதியைப் பேசிக் கெடுத்துவிடாதீர்கள்.

இதில் பாடத் தெரியாத பிள்ளை, பேசத் தயங்கும் பிள்ளை என்று எவரும் இல்லை. ஒருவர் தவறாகத் தட்டினும் அதுவும் மழைத்துளியே. அடுத்துச் சொற்கட்டுக்குச் செல்லலாம். மிருதங்கம் கற்பிப்போர், கை தொடும் முன்னே வாயால் தாளத்தைச் சொல்லிக் கொடுப்பர். 'தக' என்பது இரண்டு எண்ணிக்கை, 'தகிட' மூன்று, 'தகதிமி' நான்கு, 'தகதகிட' ஐந்து, 'தகிடதகதிமி' ஏழு. இச்சொற்களுக்குப் பொருள் இல்லை என்பதே இவற்றின் சிறப்பு. வங்காளச் சிறுமியும் பஞ்சாபிச் சிறுவனும் தமிழ்ப் பிள்ளையும் இங்கு ஒரே இடத்திலிருந்து தொடங்குகின்றனர். எவர் நாவும் எவர் நாவினும் தாழ்ந்ததன்று. கவிதா என்னும் பெயர் 'தகிட'வில் பொருந்தும். சரவணன் 'தகதிமி'யில் பொருந்தும். தத்தம் பெயர் எதில் அடங்கும் என்று தேடுவதிலேயே பத்து நிமிடங்கள் போய்விடும்.

சற்றுப் பழகிய பின் வட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி 'தகிட' என்றும் மறு பாதி 'தகதிமி' என்றும் ஒரே வேகத்தில் சொல்லட்டும். முதலில் இரண்டும் பிரிந்து செல்லும்; குழப்பமாகத் தோன்றும்; சிலர் சிரித்து விட்டுவிடுவர். விடாது சொன்னால், பன்னிரண்டு எண்ணிக்கை முடிந்ததும் இரு பாதியும் மீண்டும் ஒன்றாகத் 'த' என்று தொடங்கும். நான்கு 'தகிட'வும் மூன்று 'தகதிமி'யும் சமம் அல்லவா? மீச்சிறு பொது மடங்கைக் கணக்கு வகுப்பில் கற்பதற்கு முன்னரே அவர்கள் காதால் கேட்டுவிடுகின்றனர். அதனை அங்கேயே விளக்கத் தேவையில்லை.

இப்போது கதை. பறம்பு மலைக்குத் தலைவன் பாரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவன். இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையே அம்மலை என்பர். பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக் கொடிக்கு அவன் தன் தேரையே ஈந்தான் என்பதை நீங்கள் முன்னரே படித்திருப்பீர்கள். இக்கதையில் பேச்சு மிகக் குறைவு. ஆகவே பயிலரங்கிற்கு மிகப் பொருத்தமானது. பத்துப் பேர் காடாகலாம், நால்வர் 'தகதிமி' என்று நடந்து வரும் குதிரைகளாகலாம், இருவர் சக்கரங்கள், ஒருவர் கொடி, ஒருவர் பாரி. இங்கும் மரங்கள் உண்டு. ஆனால் இம்மரங்கள் காற்றில் அசையும், ஒலி எழுப்பும், வேண்டுமானால் அரசனுடன் பேசவும் செய்யும்.

வழிநடத்துபவர் எங்கே நிற்பது? கதைக்கு வெளியே நின்று, "நீ இங்கே போ, நீ அங்கே வா" என்று ஏவுவது எளிது. அதனினும் நல்ல வழி, தாமும் ஒரு வேடம் ஏற்றுக் கதைக்குள் நுழைவது. இங்கிலாந்தைச் சேர்ந்த டோரதி ஹீத்கோட் என்னும் ஆசிரியை இம்முறையால் பெயர் பெற்றவர். அரச வேடத்தை ஏற்காதீர்கள். தேர்ப்பாகனாக வாருங்கள். "ஐயோ! மன்னர் தேரைக் காட்டிலேயே விட்டுவிட்டாரே! நான் அரண்மனைக்குச் சென்று என்ன சொல்வேன்?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். உதவி கேட்பவனைக் கண்டால் சிறுவர்கள் உடனே பெரியவர்களாகிவிடுவர்; ஆளுக்கொரு வழி சொல்வர்.

நான் முதன்முதலில் இக்கதையை நடத்தியபோது ஒரு சிறுவன், "கொடிக்கு ஒரு குச்சி நட்டால் போதாதா?" என்று கேட்டான். எவ்வளவு நல்ல கேள்வி! நானோ கதையை நிறுத்தி, வள்ளன்மை என்றால் என்ன என்று நெடுநேரம் விளக்கினேன். சக்கரங்கள் தரையில் அமர்ந்துவிட்டன. குதிரைகள் சன்னலுக்கு வெளியே பார்த்தன. அன்று அதன்பின் எவரும் எழுந்திருக்கவில்லை. மற்றொரு முறை வேறோரிடத்தில் அதே கேள்வி வந்தது. இம்முறை பாகன் வேடத்தை விடாமல், "நல்ல யோசனை! கொடியையே கேட்டுவிடலாமா?" என்றேன். எல்லாரும் முல்லைக் கொடியாக நின்ற சிறுமியை நோக்கினர்.

அச்சிறுமி அதுவரை ஒரு சொல்லும் பேசாதவள். தமிழ் புரியும், பேசமாட்டாள். அவள் சற்று யோசித்து, "எனக்கு தேர் வேண்டாம், வோ ஹில்தா ஹை" என்றாள். பாகனாகிய நான், "அப்படியா! தேர் ஆடுகிறதா? குச்சி ஆடாதா?" என்றேன். "குச்சியும் ஆடும்... மரம் ஆடாது" என்றாள். உடனே மரங்களாக நின்றவருள் மூவர், "என்மேல் படர்ந்துகொள்" என்று கிளைகளை நீட்டினர். பாரி பாவம், தன் தேருடன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

சங்கப் பாடல் சொல்லும் கதை அதுவன்று, எனக்குத் தெரியும். அதனைப் பின்னொரு நாள் பாடமாகப் படித்துக்கொள்ளலாம். அன்று நிகழ்ந்ததை மட்டும் கவனியுங்கள். "இந்தியில் பேசாதே" என்று நான் கூறியிருந்தால் அவள் மீண்டும் வாய் மூடியிருப்பாள். அவள் சொன்னதற்கே விடையாக 'ஆடுகிறதா' என்று கேட்டதால், அச்சொல்லை அவள் எடுத்துக்கொண்டாள். பொருளுக்கு விடை கூறினால் சொல் தானே வந்து சேரும். வீட்டில் சிறு குழந்தைக்கு நம் பாட்டிமார் பேச்சுக் கற்பிப்பதும் இவ்வாறே.

முடியும் வேளையில் மீண்டும் வட்டமாக அமருங்கள். "இதிலிருந்து என்ன கற்றீர்கள்?" என்று கேட்காதீர்கள், அக்கேள்விக்கு அவர்கள் நீங்கள் விரும்பும் விடையையே தருவர். "எந்த இடத்தில் சிரிப்பு வந்தது? எந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை?" என்று கேளுங்கள். சிறந்த நடிகர் என்று எவரையும் தேர்ந்தெடுக்காதீர்கள், பரிசும் வேண்டாம். சேர விரும்பாத பிள்ளை ஒன்று இருந்தால் வற்புறுத்தாமல் ஜால்ராவை அதனிடம் கொடுத்துவிடுங்கள். சிலையாக்கும் அதிகாரம் கையில் வந்தபின், அப்பிள்ளை எவ்வளவு நேரம் ஓரமாக உட்கார்ந்திருக்கும் என்று பாருங்கள்.

செயல்பாடு: தேர்ப்பாகன் தேரின்றி நடந்தே அரண்மனைக்குத் திரும்புகிறான். வழியில் மூவர் எதிர்ப்படுகின்றனர். அவர்கள் யார் யார், பாகனிடம் என்ன கேட்கின்றனர் என்பதை நால்வர் கொண்ட குழுவாகச் சேர்ந்து வகுப்பில் நடித்துக் காட்டுக. முன்னதாக எழுதி வைத்துக்கொள்ளுதல் கூடாது.