வெயில் எட்டாத சந்தில் கறுப்பழகிகள்!

பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்பியதும், இந்த வீட்டில் முதலில் வாடுவது ரோஜாவும் மல்லியும்தான். காலையில் இரண்டு மணி நேரம் விழுந்துகொண்டிருந்த வெயிலும் நின்றுபோகும். மல்லி இலையாக விடுமே தவிர, மொட்டு வைக்காது. ஒரு வருடம் உரம் போட்டுப் பார்த்துவிட்டு, காம்பவுண்டு சுவரை ஒட்டிய அந்த நாலடிச் சந்தைப் பழைய பக்கெட்டுக்கும் உடைந்த நாற்காலிக்கும் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள் பலர்.

அவ்வளவு அவசரம் வேண்டாம். நிழலிலேயே வளர்ந்து, ஊதாவும் கருஞ்சிவப்புமாக இலை விட்டு, பருவத்தில் பூவும் பூக்கும் செடிகள் இருக்கின்றன. ஒருமுறை வேர் பிடித்தால் பல வருடம் நிற்பவை.

ஆனால், கறுப்பு இலை என்றதும் கண்ணில் பட்டதை வாங்கிவிடக் கூடாது. நர்சரியில் அடர் ஊதாவில் மின்னும் ‘பர்ப்பிள் ஹார்ட்’டைக் கொண்டுவந்து நிழலில் வைத்துப் பாருங்கள். கொஞ்ச நாளில் பச்சையடித்து, தண்டு மெலிந்து நீண்டுவிடும். ஆல்டர்னாந்திராவும் அப்படித்தான். குற்றம் செடியுடையது அல்ல. இலைக்கு அந்த நிறத்தைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல் பழத்திலும் கத்தரிக்காய்த் தோலிலும் இருப்பதும் அதுவே. பல செடிகள் சுடும் வெயிலிலிருந்து இலையைக் காக்கும் குடையாகத்தான் அதைத் தயாரிக்கின்றன. வெயிலே இல்லாத இடத்தில் குடை எதற்கு? அதனால், வாங்கும்போது செடி நர்சரியில் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். பச்சை வலைக்குக் கீழே பல வாரங்களாக இருந்தும் கருமை குறையாததை நம்பி எடுக்கலாம்.

காட்டில் பெரிய மரங்களின் அடியில் வளர்ந்து பழகியவற்றின் கதை வேறு. அவற்றில் முதலிடம் பர்ஷியன் ஷீல்டுக்கு. பெயரில்தான் பாரசீகம், சொந்த ஊர் மியான்மர். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் நம் குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்தது இது. ஊதா இலையில் வெள்ளி பூசியது போன்ற மினுமினுப்பு. நேரடி வெயிலில் வெளிறிவிடும். அரை நிழலில்தான் அழகு. பூ இளம் ஊதாவில் வரும், அதற்கு 12 வருடம் காத்திருக்க வேண்டியதில்லை! பூத்து முடித்தபின் செடி நீண்டு அசிங்கமாகும். அப்போது நுனிகளை வெட்டிப் பதியம் போட்டுப் புதுச்செடி எடுத்துக்கொள்வது நல்லது.

தரையை மூட வேண்டுமானால் ஹெமிகிராபிஸ். கேரளத்தில் முறிகூட்டி என்பார்கள். வெட்டுக்காயத்துக்கு இலையைக் கசக்கிக் கட்டும் வழக்கம் அங்கே உண்டு. இலையின் மேற்புறம் சாம்பல் கலந்த ஊதா, அடிப்புறம் கருஞ்சிவப்பு. சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். ஒரு கிள்ளு கிடைத்தால் போதும், படர்ந்துகொள்ளும்.

பிகோனியாவில் ரெக்ஸ்தான் பேரழகி. வடகிழக்கு இந்தியாவின் ஈரக் காடுகள் அதன் பிறந்தகம் என்பதால், சமவெளியின் சித்திரை அனலில் சுருண்டுவிடும். ஏற்காடு, கொடைக்கானல்காரர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்கள் முதல் செடியாக அதை வாங்காமல், தண்டு உயர்ந்து வளரும் ஏஞ்சல் விங் வகையில் தொடங்கலாம். வெள்ளிப் புள்ளி போட்ட இலை, அதன் பின்புறம் மெரூன், கொத்துக் கொத்தாக ரோஸ் நிறப் பூ.

கொஞ்சம் செலவழிக்கத் தயார் என்றால், லுடிசியா என்ற ஜுவல் ஆர்கிட். வெல்வெட் போன்ற கருமெரூன் இலையில் செம்பு நிறக் கோடுகள், குளிர்காலத்தில் வெள்ளைப் பூந்தண்டு. தரையில் ஊர்ந்து வளரும் அதன் தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகிவிடும். மேலாக வைத்து வேர் மட்டும் மண்ணில் படும்படி விடுங்கள். இணையத்தில் ஆசைகாட்டும் ஹியூகெராவை மட்டும் சென்னை, மதுரைக்காரர்கள் மறந்துவிடலாம். அது குளிர்நாட்டுச் செடி.

நிழலிலும் அளவு உண்டு. நண்பகலில் தரைக்கு ஓரடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். மங்கலாகவேனும் கை நிழல் விழுந்தால் இந்தச் செடிகள் பிழைக்கும். எதுவுமே விழாவிட்டால் அந்த இடம் எந்தப் பூச்செடிக்கும் ஆகாது.

இந்தச் செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவதைவிட, அதிகமாகிச் சாவதே அதிகம். வெயில் படாத தொட்டி சீக்கிரம் காயாது. தினமும் ஊற்றும் பழக்கத்தை விட்டு, விரலை மண்ணில் ஓரங்குலம் நுழைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று லீவு. செம்மண்ணோடு தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், கொஞ்சம் மணல் கலந்தால் நீர் தேங்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டிகளைக் கூரைக்கடியில் நகர்த்துங்கள்.

எல்லாம் நன்றாக வளர்ந்தும், ‘சந்தில் ஒன்றுமே தெரியவில்லையே’ என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. இருட்டான மூலையில், அழுக்குச் சுவருக்கு முன்னால், கறுப்பு இலை எப்படித் தெரியும்? பின்சுவருக்கு ஒரு கை வெள்ளையடியுங்கள். நடுநடுவே வெள்ளைக் கோடு போட்ட ஸ்பைடர் பிளான்ட்டையோ சின்கோனியத்தையோ வையுங்கள். கருமை அப்போதுதான் எடுத்துக் காட்டும். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் செடிக்கு உபரி வரவு.

ரெக்ஸ் பிகோனியா தேறிவிட்டால், ஒரு முற்றிய இலையைப் பறித்து, அடிப்பக்க நரம்புகளை இரண்டு மூன்று இடத்தில் பிளேடால் கீறி, ஈர மணலில் படுக்கவைத்துச் சின்னக் கல் ஒன்றை வையுங்கள். சில வாரங்களில் கீறிய இடங்களில் குட்டிச்செடிகள் முளைக்கும். ஒன்றைத் தொட்டியில் வைத்து, அந்த மூன்று மாடி வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். அவர்கள் வீட்டுத் தரைத்தளத்திலும் இப்போது வெயில் வராது.