ஆஸ்துமா உள்ள பிள்ளையும் உடற்பயிற்சி வகுப்பும்

குளிர்காலம் தொடங்கினால் பெற்றோர் சிலர் வருவார்கள்: "டொக்டர், பிள்ளைக்கு முட்டு இருக்கு, உடற்பயிற்சி வகுப்பில விட வேண்டாம் எண்டு ஒரு கடிதம் தாங்கோ." நான் அநேகமாகக் கொடுப்பதில்லை. லண்டன் மரதனை 2003 இல் 2 மணி 15 நிமிடங்களில் ஓடிய போலா ராட்கிளிஃப் ஆஸ்துமா உள்ளவர்தான்.

குளிர்ந்த, உலர்ந்த காற்றை வாயால் வேகமாக இழுக்கும்போது மூச்சுக்குழாய்கள் காய்ந்து சுருங்குகின்றன. எடுத்த எடுப்பிலேயே ஓட விடுவதுதான் பிழை. முதல் 10, 15 நிமிடங்கள் நடை, மெல்லோட்டம், இடையிடையே சிறு விரைவோட்டம் என்று உடலைச் சூடாக்கினால் பல பிள்ளைகளுக்கு முட்டு இழுப்பது குறையும். ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள். இன்ஹேலர் வீட்டு அலுமாரியில் அல்ல, பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

அப்படியும் அடிக்கடி இழுத்தால், தினசரி மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம், வைத்தியரிடம் காட்டுங்கள். இன்ஹேலர் எடுத்தும் மூச்சுத் திணறினால் உடனே அம்புலன்ஸை அழையுங்கள்.