பேசாத கொக்கி வேலை செய்கிறதா?

பினாங்கு சூலியா தெருவைப் பற்றி உங்கள் பள்ளிக் கணினிக் கழகம் தமிழில் ஒரு தகவல் தொகுப்பு தயாரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொருத்தமான தெருதான். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறித்த ‘சூலியா’ என்ற சொல்லே அதன் பெயராக நிற்கிறது. கிங் தெருவைச் சந்திக்கும் முனையில் நாகூர் தர்கா இருக்கிறது. சற்றுத் தள்ளி, 1801-இல் தொடங்கப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தகுதி தந்த ஜார்ஜ் டவுன் பகுதிக்குள் வரும் தெரு இது. எழுதுவதற்கு விஷயம் ஏராளம்.

எட்டுப் பேர் எழுதுகிறீர்கள். எட்டுப் பேரும் ஒரே கோப்பைத் திருத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ‘கடைசி’, ‘கடைசி 2’, ‘உண்மையான கடைசி’ என்று கோப்புகள் பெருகும். இதைத் தவிர்க்கத்தான் ‘கிட்’ என்ற மென்பொருள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதையெல்லாம் அது பதிவு செய்து வைக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் ‘கமிட்’ என்று பெயர்.

கிட்டில் ‘கொக்கி’ என்றொரு வசதி உண்டு, ஆங்கிலத்தில் ஹூக். குறிப்பிட்ட ஒரு வேலை நடக்கும் தருணத்தில் தானாக ஓடும் சிறு நிரல் அது. ‘ப்ரீ-கமிட்’ என்ற கொக்கி, கமிட் நடப்பதற்குச் சற்று முன் ஓடும். ஓடி முடிந்ததும் அது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் ‘போகலாம்’. வேறு எந்த எண்ணாக இருந்தாலும் ‘நில்’. அந்த எண்ணை வைத்துத்தான் கிட் முடிவெடுக்கிறது. கொக்கி திரையில் என்ன எழுதுகிறது என்பதைக் கிட் படித்துப் பார்ப்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, நம் தொகுப்புக்குக் கொக்கி எதற்கு? தமிழில் தட்டச்சு செய்பவர்கள் அடிக்கடி செய்யும் ஒரு தவற்றைப் பிடிப்பதற்கு. ‘மௌலானா’ என்ற சொல்லைப் பாருங்கள். யூனிகோடில் இதன் முதல் எழுத்து, ‘ம’வும் ஔகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ஆனால் பலர் ‘ம’, அதன் பின் எகரக் கொம்பு, அதன் பின் ‘ள’ என்ற முழு எழுத்து என மூன்று குறியீடுகளாக அடித்துவிடுகிறார்கள். தட்டச்சுப் பொறிக் காலத்துப் பழக்கம் அது. இந்தத் தாளில் அச்சிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும்: மௌலானா, மெளலானா. கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. ஒரு தர்காவையும் பள்ளிவாசலையும் பற்றிய தொகுப்பில் ‘மௌலானா’ கிடைக்காமல் போவது சின்ன இழப்பா?

ஆகவே கொக்கி எழுதுகிறோம். கமிட்டுக்காகக் காத்திருக்கும் கோப்புகளின் பெயர்ப் பட்டியலைக் கிட்டிடம் கேட்கிறோம். ‘.டிஎக்ஸ்டி’ என்று முடியும் உரைக் கோப்பு ஒவ்வொன்றிலும் கொம்பை அடுத்து ‘ள’ வருகிறதா என்று ‘கிரெப்’ என்ற தேடல் கட்டளையால் தேடுகிறோம். பத்து வரிகூட வராது.

எழுதிய கையோடு நண்பர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஒரு வெற்றுக் கோப்புறையில் புதிய கிட் களஞ்சியம் ஒன்றைத் தொடங்குங்கள். கெட்டுப்போனால் அழித்துவிடக்கூடிய விளையாட்டு மைதானம் அது. அதில் சிறு கோப்புகள் சில. ஒன்றில் சரியான ‘மௌலானா’. ஒன்றில் தவறான ‘மெளலானா’. இன்னொன்றில் ‘வெள்ளிக்கிழமைத் தொழுகை’. எந்தக் கோப்பு போகவேண்டும், எது நிற்கவேண்டும் என்பதைச் சோதனைக்கு முன்பே தாளில் எழுதி வைத்துவிடுங்கள். முடிவைப் பார்த்தபின் எழுதினால், கண்முன் நடந்ததுதான் சரி என்று மனம் சமாதானம் சொல்லும். ஆய்வகத்திலும் இதே கதைதான்.

முதல் சோதனையிலேயே வேடிக்கை நடக்கும். சரியான கோப்பு நிற்கிறது. தவறான கோப்பு போகிறது! காரணம் எளிது. தேடியது கிடைத்தால் கிரெப் 0 தரும், கிடைக்காவிட்டால் 1 தரும். நம் கொக்கியின் கடைசி வரி கிரெப் என்பதால் அந்த எண்ணே கொக்கியின் எண்ணாகிவிடுகிறது. பிழை கிடைத்தது என்றால் 0, அதாவது ‘போகலாம்’. எல்லாம் தலைகீழ். ‘பிழை’ என்றொரு மாறியை வைத்து, தொடக்கத்தில் 0 தந்து, தவறு கண்டால் 1 ஆக்கி, இறுதியில் அந்த எண்ணைத் திருப்பித் தரச் செய்தால் இது சரியாகிவிடும்.

அடுத்து ‘வெள்ளிக்கிழமை’ நிற்கிறது. அதிலும் கொம்புக்குப் பின் ‘ள’ வருகிறதே! ‘வெளி’, ‘தெளிவு’, ‘கெளுத்தி மீன்’ எல்லாமே மாட்டும். சரியான தமிழை எழுதியவனைத் தடுத்து நிறுத்தும் கொக்கியை யாரும் இரண்டு நாளுக்கு மேல் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள், அணைத்துப் போட்டுவிடுவார்கள். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இச்சொற்களில் எல்லாம் அந்த ‘ள’ மேல் புள்ளியோ, அதன் அருகில் வேறோர் உயிர்க்குறியோ இருக்கிறது. ‘மெளலானா’வில் ‘ள’ வெறுமையாக நிற்கிறது. எனவே ‘கொம்பு, அதன்பின் எதுவும் ஒட்டாத ள’ என்று விதியை மாற்றுகிறோம். பேச்சு வழக்கில் ‘வெளக்கு’ என்று யாராவது எழுதினால் இந்த விதியிலும் அது சிக்கும். நம் தொகுப்பு எழுத்துத் தமிழில் என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதையும் ஒரு சோதனைக் கோப்பாக வைத்து, பக்கத்தில் ‘தெரிந்தே விட்டது’ என்று குறித்து வையுங்கள்.

இப்போது மூன்று கோப்பும் எதிர்பார்த்தபடி நடக்கின்றன. நண்பர்களுக்கு அனுப்பலாமா? ஒரு வாரம் கொக்கி எந்தக் கோப்பையும் நிறுத்தவில்லை என்றால் எல்லோரும் ஒழுங்காகத் தட்டச்சு செய்கிறார்கள் என்றுதானே நினைப்பீர்கள்?

இங்கே ஆய்வகத்துக்கு ஒரு நடை போய்வருவோம். உணவில் மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்க்க ஐயோடின் கரைசலைச் சொட்டுவிடுகிறோம். நிறம் கருநீலமாக மாறவில்லை என்றால் ‘மாவுச்சத்து இல்லை’ என்று எழுதுகிறோம். கரைசலே கெட்டுப்போயிருந்தால்? அப்போதும் நிறம் மாறாது. அதனால்தான் மாவுச்சத்து உறுதியாக இருக்கும் சோற்றுக் கஞ்சியிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறோம். கொக்கிக்கும் அந்தக் கஞ்சி வேண்டும். நிச்சயமாக நிற்கவேண்டிய கோப்பை, உங்கள் நண்பர்கள் உண்மையில் எப்படி உருவாக்குவார்களோ அதே வகையில் உருவாக்கிக் கொடுத்துப் பார்க்கவேண்டும்.

நம் சோதனைக் கோப்புகளுக்கு ‘டெஸ்ட்1’, ‘டெஸ்ட்2’ என்று ஆங்கில எழுத்துகளில்தான் பெயர் வைத்திருந்தோம். தவறான ‘மெளலானா’ உள்ள கோப்புக்கு ‘சூலியா’ என்று தமிழிலேயே பெயர் வைத்து கமிட் செய்யுங்கள். கொக்கி வாயே திறக்காது. கமிட் நடந்துவிடும்.

ஏன்? கொக்கிக்குள் கோப்புப் பட்டியலைத் திரையில் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். ‘சூலியா’ என்று வராது. இரட்டை மேற்கோளுக்குள், \340\256\232 என்று தொடங்கும் நீண்ட எண் வரிசை வரும். யூனிகோடில் ‘சூலியா’ என்பது ச, ஊகாரக் குறி, ல, இகரக் குறி, ய, ஆகாரக் குறி என ஆறு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆக மொத்தம் 18 பைட். ஆங்கில எழுத்துப் பட்டியலுக்கு வெளியே உள்ள பைட்டுகளைக் கிட் அப்படியே காட்டாமல், எட்டடிமான எண்ணாக மாற்றி முன்னால் ஒரு சாய்கோடு போட்டுக் காட்டும். இதுதான் அதன் இயல்பான அமைப்பு. படிவம் நான்கு கணிதத்தில் எண் அடிமானம் படித்தவர்கள் சரிபார்க்கலாம்: 340 என்பது 3×64 + 4×8 + 0 = 224. ஒரு பைட்டுக்கு நான்கு குறிகள் வீதம், மூன்றே எழுத்துள்ள நம் தெருப்பெயர் 72 குறிகளாக நீள்கிறது.

நீள்வதுகூடப் பரவாயில்லை. பெயரின் முடிவில் ஒரு மேற்கோள் குறி வந்து உட்கார்ந்துகொள்கிறதே, சிக்கல் அங்கேதான். நாம் ‘.டிஎக்ஸ்டி’ என்று முடியும் பெயர்களைத்தான் பொறுக்கினோம். இந்தப் பெயர் மேற்கோள் குறியில் முடிகிறது. எனவே கொக்கி அதை உரைக் கோப்பாகவே கருதவில்லை; திறந்தும் பார்க்கவில்லை. தமிழ்ப் பிழையைப் பிடிக்க எழுதிய கொக்கி, தமிழில் பெயர் வைத்த கோப்புகளை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கிறது!

இதற்கு மருந்து கிட்டிலேயே இருக்கிறது. பட்டியல் கேட்கும் கட்டளையோடு ‘-இசட்’ என்ற தெரிவைச் சேர்த்தால், பெயர்கள் உள்ளபடியே வரும். பெயர்களுக்கு இடையே வரிமுறிவுக்குப் பதில் சுழியன் பைட் ஒன்று பிரிப்பானாக இருக்கும். ‘லெபோ சூலியா’ என்று நடுவில் இடைவெளி விட்டுப் பெயர் வைத்தாலும், இரண்டு கோப்பாக உடையாமல் ஒன்றாகவே வரும். பழைய முறையில் அதுவும் உடைந்திருக்கும்.

திருத்தியாயிற்று என்று எழுந்து போய்விடாதீர்கள். எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து ஓட்டுங்கள். பலர் இந்தத் திருத்தத்தைச் செய்யும்போது, பட்டியலைக் குழாய் வழியாக ஒரு சுழற்சிக்குள் பாய்ச்சுவார்கள். பாஷ் நிரலில் அப்படிச் செய்தால், சுழற்சி ஒரு துணைச் செயலாகத் தனியே ஓடும். அதற்குள் ‘பிழை’ மாறியை 1 ஆக்கினால், துணைச் செயல் முடிந்ததும் அந்த 1 அதனுடனேயே மறைந்துவிடும். வெளியே மாறி இன்னும் 0-தான். விளைவு என்ன தெரியுமா? ‘பிழை இருக்கிறது’ என்று திரையில் சிவப்பாக எழுதிவிட்டு, கொக்கி கமிட்டை வழியனுப்பி வைக்கும். கிட் எண்ணை மட்டும்தான் பார்க்கும் என்று முன்பே சொன்னேன் அல்லவா? பட்டியலை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, அதிலிருந்து சுழற்சியைப் படிக்கச் செய்தால் மாறி தப்பிக்கும். இதைக் கண்டுபிடிக்க, திரையில் வரும் செய்தியைப் பார்த்தால் போதாது. கொக்கியைத் தனியாக ஓட்டி, அது தந்த எண்ணையும் பாருங்கள். 2022-க்குப் பிந்தைய கிட் பதிப்புகளில் கமிட் செய்யாமலே கொக்கியை மட்டும் ஓட்டிப் பார்க்கத் தனிக் கட்டளையே உண்டு.

தமிழ்க் கோப்புப் பெயர் என்றதும் இன்னொன்றும் சொல்லவேண்டும். புதிய களஞ்சியம் தொடங்கும்போது கிட், மாதிரிக் கொக்கிகள் சிலவற்றைக் கோப்புறையில் போட்டுவைக்கும். பெயரின் இறுதியில் ‘சாம்பிள்’ என்று இருப்பதால் அவை ஓடா. அந்த வாலை நீக்கினால் ஓடும். ப்ரீ-கமிட் மாதிரியின் வாலை நீக்கிவிட்டு ‘சூலியா’ கோப்பைச் சேர்த்துப் பாருங்கள். ஆங்கிலப் பட்டியலுக்கு வெளியே உள்ள எழுத்தில் பெயர் இருப்பதாகச் சொல்லி நிறுத்திவிடும். பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் காரணம் அற்பமானதில்லை. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்புமுறை, ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்துச் சேமித்தது. மற்றக் கணினிகளில் அது ஒரே குறியீடாக இருக்கும். ஒரே பெயர், இரண்டு விதமான பைட்டுகள். கிட்டுக்கு இரண்டு கோப்புகள். அந்தக் குழப்பத்துக்கு அஞ்சியே அந்த மாதிரி அப்படி எழுதப்பட்டிருக்கிறது. 2012-இல் இதைச் சமாளிக்கக் கிட்டில் ஓர் அமைப்பு சேர்க்கப்பட்டது. உங்களுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும் என்றால், கிட்டின் அமைப்புகளில் அதற்கான அனுமதியை ‘ஆம்’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

இனி அந்த எட்டுப் பேரிடம் கொக்கியைச் சேர்க்கும் வேலை. களஞ்சியத்தை நகலெடுக்கும்போது கொக்கி கூடவே போகாது. இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு: யாரோ எழுதிய நிரல், நகலெடுத்த மாத்திரத்தில் உங்கள் கணினியில் ஓடுவது ஆபத்து. கொக்கியைச் சாதாரணக் கோப்புறை ஒன்றில் வைத்து, ‘ஹூக்ஸ்பாத்’ என்ற அமைப்பால் அந்த இடத்தைக் கிட்டுக்குக் காட்டும்படி ஒவ்வொருவரிடமும் சொல்லவேண்டும். மேக், லினக்ஸ் கணினிகளில் அந்தக் கோப்புக்கு ‘இயக்கும் உரிமை’ தரவும் மறக்கவேண்டாம். உரிமை இல்லாத கொக்கியைக் கிட் ஒரு குறிப்பு மட்டும் காட்டிவிட்டுத் தாண்டிப் போய்விடும்.

‘நோ-வெரிஃபை’ என்ற தெரிவைச் சேர்த்து எவரும் கொக்கியைத் தவிர்க்கவும் முடியும். அதனால் சோதனைக் கோப்புகளையும் கொக்கியோடு அதே களஞ்சியத்தில் வையுங்கள்; தமிழ்ப் பெயரோடு உள்ள அந்த ‘சூலியா’ கோப்பு கட்டாயம் அதில் இருக்கட்டும். புதிதாக ஒருவர் குழுவில் சேரும் நாளில், வேறு எதையும் தட்டச்சு செய்வதற்கு முன் அதை ஒருமுறை கமிட் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய கணினியிலும் அது நிற்கவேண்டும்.