லட்சத்தீவு சொகுசு ரிசார்ட்: ரூம் கிடைக்கும், தண்ணீர்?

“இந்த லீவுக்கு மாலத்தீவு வேணாம், லட்சத்தீவு போலாமா?” 2024 ஜனவரியில் பிரதமர் மோடியின் லட்சத்தீவுப் படங்கள் வெளியானபோது, தி.நகரில் இருந்து அடையாறு வரை எத்தனையோ வாட்ஸ்அப் குரூப்புகளில் ஓடிய கேள்வி இது. வெள்ளை மணல், நீலக் கடல், ஸ்நோர்க்கலிங் எல்லாம் டிரெண்ட் ஆனது.

அதே பயணத்தில் அவர் தொடங்கிவைத்த இன்னொன்று அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. கட்மத் தீவில், கடல்நீரில் இருந்து தினமும் 1.5 லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம்தான் அது. சொகுசு ரிசார்ட் கனவின் எல்லை எது என்பதை அந்த எண் சொல்லிவிடுகிறது.

என்ன வரப்போகிறது?

தாஜ் ஹோட்டல்களை நடத்தும் ஐஹெச்சிஎல் நிறுவனம், லட்சத்தீவில் சுஹேலி, கட்மத் ஆகிய இரு தீவுகளில் ரிசார்ட் கட்டப்போவதாக 2023 ஜனவரியில் அறிவித்தது. ஒவ்வொன்றிலும் 110 அறைகள். சுஹேலியில் கரையில் 60 வில்லா, தண்ணீருக்கு மேல் 50 வில்லா. கட்மத்தில் கரையில் 75, தண்ணீருக்கு மேல் 35. 2026-ல் திறப்பது அப்போதைய திட்டம்.

சுஹேலியில் நிரந்தரக் குடியிருப்பு இல்லை. கட்மத் அப்படியல்ல. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே 5,404 பேர் வாழ்கிறார்கள். தீவு சுமார் 9 கிலோமீட்டர் நீளம் என்றாலும், அகலமான இடத்திலேயே அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

தீவில் தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது?

பவளத்தீவில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. நல்ல தண்ணீர் உப்புநீரைவிட எடை குறைவு என்பதே காரணம். கிணற்றில் அளவாக இறைத்தால் பிரச்சினை இல்லை. மோட்டார் போட்டு உறிஞ்சினால், கீழே இருக்கும் உப்புநீர் மேலே ஏறிவிடும். கடலோரச் சென்னையில் போர் தண்ணீர் உப்பாக மாறுவதும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஒரே ஒரு வித்தியாசம். 2019 கோடையில் சென்னை வறண்டபோது, ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. கட்மத்துக்கு ரயில் போகாது.

பள்ளிக்கரணைக்கு இதில் என்ன வேலை?

தீவுகளுக்கான தீர்வு சென்னையில் இருந்துதான் போனது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், 2005-ல் கவரத்தியில் தினமும் 1 லட்சம் லிட்டர் தரும் நிலையத்தை அமைத்தது. 2011-ல் மினிக்காய், அகத்தி தீவுகளுக்கும் அது போனது.

வழி எளிமையானது. கடல் மேற்பரப்பு நீர் சுமார் 28 டிகிரி வெப்பத்தில் இருக்கும். அதைக் காற்றழுத்தம் குறைந்த தொட்டிக்குள் விட்டால், அந்த வெப்பத்திலேயே ஒரு பகுதி ஆவியாகிவிடும். சுமார் 350 மீட்டர் ஆழத்தில் இருந்து குழாய் வழியே எடுக்கும் குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிர்வித்தால், நல்ல தண்ணீர் ரெடி. வடிகட்டும் சவ்வு தேவையில்லை.

பவளத்தீவைச் சுற்றி, கரைக்கு அருகிலேயே கடல் சட்டென்று ஆழமாகிவிடும். அதனால்தான் இந்த முறை அங்கே பொருந்துகிறது. மெரினாவில் அப்படி இல்லை. 2007-ல் இதே முறையைச் சென்னையில் சோதிக்க, கரையில் இருந்து 40 கிலோமீட்டர் தள்ளி மிதவையை நிறுத்த வேண்டியிருந்தது. தென்சென்னைக்கு நெம்மேலியில் இருந்து வருவது, சவ்வு வழியே அழுத்தி வடிகட்டும் ‘ஆர்ஓ’ முறை.

கணக்கு போட்டுப் பார்த்தால்?

கட்மத்தின் 1.5 லட்சம் லிட்டரை 5,404 பேருக்குப் பங்கிட்டால், ஆளுக்குத் தினமும் 28 லிட்டர்கூட வராது. நகர வீடுகளுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்பது அரசின் அளவுகோல். 110 அறைகளில் அறைக்கு இருவர் தங்கி, அந்த 135 லிட்டரை மட்டுமே செலவழித்தாலும் தினமும் கிட்டத்தட்ட 30,000 லிட்டர் வேண்டும். நீச்சல் குளம், சலவை, தோட்டம், ஊழியர்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஆக, ரிசார்ட் தனக்கான தண்ணீரைத் தானே தயாரித்தாக வேண்டும். ஆர்ஓ என்றால் எடுக்கும் கடல்நீரில் பாதிக்கு மேல், உப்பு கூடிய கழிவாகத் திரும்பும். அதை அலையில்லாத லகூனில் விட்டால் அடிபடுவது பவளம். மின்சாரமும் வேண்டும்; லட்சத்தீவின் மின்சாரத்தில் பெரும்பகுதி கப்பலில் வரும் டீசலில் இருந்துதான் கிடைக்கிறது. கழிவுநீர் மணலில் இறங்கினால், கிணற்று நீரும் கெட்டுப்போகும்.

அப்போ ரிசார்ட்டே கூடாதா?

அப்படிச் சொல்ல முடியாது. வருமானமும் வேலையும் தீவுக்கும் தேவை. ஆளில்லாத பங்காரம் தீவில் 1980-களின் இறுதியில் தொடங்கிய ரிசார்ட், ஏசி, டிவி இல்லாத ஓலைக் குடில்களை வைத்தே வெளிநாட்டினரை ஈர்த்தது. குறைவாக எடுப்பதையே சொகுசாக விற்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

புக் பண்ணும் முன் கேட்க மூன்று கேள்விகள் போதும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? உப்புக் கழிவும் கழிவுநீரும் எங்கே போகின்றன? குப்பை கப்பலில் திரும்புகிறதா, தீவிலேயே எரிக்கப்படுகிறதா? லாரி தண்ணீருக்காகக் குடத்தோடு வரிசையில் நின்ற சென்னைக்காரர்கள் கேட்டால், இந்தக் கேள்விகளுக்கு எடை கூடும்.