அடிப்பிடித்த சட்டி

வ. புதுப்பட்டியில் மாடு வைத்திருக்கும் வீட்டில் பாலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு சொசைட்டி விலையில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் போய் நிற்கும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், பெருமை இருக்கத்தானே செய்யும். அன்றைக்கு மதினி வீட்டு அடுப்படியில் மட்டும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. இரும்புச் சட்டியில் பாலைக் கிண்டிக்கொண்டே கேட்டார்: "எங்க அம்மா கடைசியில என்னையவே 'நீ யாரு தாயி'ன்னு கேட்டுச்சு. ரத்தத்துல வர்ற சீக்குன்னு சொல்றாக. எனக்கும் வருமா தம்பி?"

பதில் அவர் கையில் இருந்த கரண்டிக்கு அடியிலேயே இருந்தது.

பால் அடிப்பிடிப்பதை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. மேலே வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருக்கும். அடியில் புரதம் சூட்டில் திரிந்து இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். தீய்ந்த வாடை மூக்குக்கு வரும்போது அடி எப்போதோ கருகியிருக்கும். மறதி நோய்களில் அதிகம் காணப்படும் அல்சைமரிலும் ஒட்டுவது புரதம்தான், அமிலாய்டு பீட்டா என்று பெயர். பேரன் பெயர் மறந்துபோவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே அது மூளையில் படியத் தொடங்கிவிடுகிறது. மதினியின் அம்மாவுக்கு எழுபத்துநாலு வயதில் மறதி தெரிந்தது என்றால், சட்டி பிடிக்க ஆரம்பித்தது அவர் களை பறிக்கப் போய்வந்துகொண்டிருந்த காலத்தில்.

அந்தப் புரதம் எங்கிருந்து வருகிறது? நரம்பணுவின் மேல்தோலில் நீளமான ஒரு புரதம் செருகியிருக்கிறது. அதை உடம்பே துண்டு போடுகிறது. வெட்டு சரியாக விழுந்தால் துண்டு பெரும்பாலும் 40 அமினோ அமிலம் நீளம். கொஞ்சம் தள்ளி விழுந்தால் 42. இந்த 42தான் பிசுபிசுப்பான சாதி, ஒன்றோடொன்று ஒட்டித் திட்டாகும். வெட்டும் அரிவாள்மனையின் அலகு பிரிசெனிலின் என்ற புரதம். அதற்கான மரபணு கோணினால் அலகே கோணல். எந்த வீட்டுக்குப் போனாலும் துண்டு தப்பாகவே விழும். அப்படிப்பட்ட குடும்பங்களில் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, நோய் முப்பது முதல் ஐம்பதுகளிலேயே வந்துவிடும். ஆனால் அல்சைமர்காரர்கள் நூறு பேரில் ஒருவர்கூட இந்த வகை இல்லை. எழுபதைத் தாண்டி வந்த மதினியின் அம்மாவுக்கு அரிவாள்மனைக் கோளாறாக இருக்க வழியில்லை என்றே சொல்லலாம்.

திட்டு அணுவுக்கு வெளியே. அணுவுக்கு உள்ளே இன்னொரு கெடுதல் நடக்கிறது. உறியின் கயிறுகளை முடிச்சுகள் பிடித்துக்கொண்டிருப்பதுபோல, அணுவுக்குள் சரக்கு போகும் தடங்களை டவ் என்ற புரதம் பிடித்துக்கொண்டிருக்கிறது. முடிச்சு கழன்றால் கயிறு சிக்காகும், பானை கீழே. நினைவைச் சேர்த்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் பக்கம்தான் இந்தச் சிக்கு முதலில் விழுந்து, அந்த இடம் சுருங்கத் தொடங்குகிறது. பழைய கதை ஞாபகம் இருந்து காலையில் சாப்பிட்டது மறந்துபோவது அதனால்தான். இந்த வெளித்திட்டையும் உள்சிக்கையும் 55 வயதில் இறந்த ஒரு பெண்ணின் மூளையில் கண்டு 1906இல் சொன்னவர் ஜெர்மனி மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர்.

சரி, மதினியின் கேள்விக்கு வருகிறேன். வயதான பிறகு வரும் அல்சைமரில் பெரிய பெயர் ஏபிஓஈ, 19ஆம் குரோமோசோமில் இருக்கும் மரபணு. இதை நான் கரண்டி என்பேன். (உண்மையில் அது மூளைக்குள் கொழுப்பைத் தூக்கிச் செல்லும் வண்டி; அமிலாய்டைத் துடைத்து வெளியேற்றுவதிலும் அதற்குப் பங்கு உண்டு என்பதால் கரண்டி.) அம்மா வீட்டுச் சீராக ஒன்று, அப்பா வீட்டுச் சீராக ஒன்று, எல்லோருக்கும் இரண்டு. இதில் 2, 3, 4 என்று மூன்று ரகம். 299 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று மாறினால் மூன்றாம் ரகம் நான்காம் ரகமாகிவிடும், முனை தேய்ந்த கரண்டி. ஐரோப்பிய வம்சத்தாரிடம் பார்த்த கணக்கில் ஒரு நான்கு இருந்தால் ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு, இரண்டு இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு. மாமன் மகளைக் கட்டும் நம் பக்கத்தில் இதைச் சொல்லியாக வேண்டும்: ஒரே வம்சத்தில் பெண்ணெடுத்தால் பிறக்கும் பிள்ளைக்கு ஒரே ரகக் கரண்டி இரண்டு கையிலும் சேர வாய்ப்பு கூடும்.

ஆனாலும் இரண்டு தேய்ந்த கரண்டியோடு தொண்ணூறு வரை தெளிவாக இருந்தவர்கள் உண்டு, ஒன்றுகூட இல்லாமல் நோய் வந்தவர்களும் உண்டு. நம் நாட்டுக் கணக்கைக் கேட்டால், ஹரியானாவின் பல்லப்கரில் நடந்த இந்திய-அமெரிக்க ஆய்வில் நான்காம் ரகம் அமெரிக்காவின் மொனோங்காஹேலா பள்ளத்தாக்கைவிடக் குறைவாகவே இருந்தது, நோயும் குறைவாக இருந்தது.

ஒரு மரபணு மட்டுமே தலையெழுத்து இல்லை என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சாட்சி கொலம்பியாவில் இருக்கிறது. அங்கே ஆண்டியோக்கியா மலைப்பகுதியில் கோணல் அரிவாள்மனை பரம்பரையாக ஓடும் பெரிய உறவுக்கூட்டம் உண்டு; நாற்பதுகளில் மறதி ஆரம்பித்துவிடும். அதே கோணலோடு பிறந்த அலிரியா ரோசா பியத்ராஹிட்டா என்ற பெண்மணி மட்டும் எழுபது வரை தப்பித்தார். படம் எடுத்துப் பார்த்தால் மூளை நிறைய அமிலாய்டு, சட்டி முழுக்கக் கரி. உறிச் சிக்கு மட்டும் அவ்வளவாக இல்லை. அவருடைய இரண்டு ஏபிஓஈ பிரதியிலும் கிரைஸ்ட்சர்ச் என்ற அபூர்வ மாற்றம் இருந்ததை 2019இல் வெளியிட்டார்கள். ஒரு மரபணு கெடுத்ததை இன்னொரு மரபணு தடுத்திருக்கிறது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பாத்திரம் தேய்க்கிற ஆளும் முக்கியம். மூளையில் அந்த வேலையைச் செய்வது மைக்ரோகிளியா அணுக்கள். ட்ரெம்2 என்ற மரபணுவின் சில ரகங்கள் அவற்றின் கையைத் தளர்த்திவிடும் என்பது 2013க்குப் பிறகு தெரிந்தது.

கரண்டியை மாற்ற முடியாது, அடுப்பைக் குறைக்கலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, காது மந்தம், ஆள்தொடர்பு இல்லாமல் ஒடுங்கிக் கிடப்பது எல்லாம் அடுப்பின் விறகு. 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகின் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024இல் லான்செட் குழு கணக்கிட்டது. இந்தியாவில் 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேர், சுமார் 88 லட்சம் பேர் மறதி நோயோடு இருக்கிறார்கள் என்னும்போது அது சின்ன விஷயம் இல்லை.

"அப்ப ரத்தம் குடுத்து அந்தக் கரண்டியப் பாத்துருவமா?" என்றார் மதினி. வேண்டாம் என்றேன். நான்காம் ரகம் என்று தெரிந்தாலும் செய்ய வேண்டியது அதேதான். வீணாகத் தூக்கம் கெடும். வீடு தேடி வரும் மருத்துவப் பணியாளரிடம் கையை நீட்டி பிரஷர் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒரு வார்த்தை: வீட்டில் பெரியவர்களுக்கு மறதி தெரிந்தால், வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். பி12 குறைவாலும் தைராய்டாலும் வரும் மறதியும் உண்டு, அதற்கு மருந்து இருக்கிறது.